மூக்குச் சாட்சி

நாள் 4107. திங்கள். மாலை 6.05

குளோரின்: 0.1. தூசி: நேற்றைப் போலவே. கரியமில வாயு: சற்று அதிகம், நாலாம் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார்கள்.
முறை: முத்துப்பேச்சி, கடைசி வீடு.

இந்தப் பதிவு யார் கையில் கிடைக்கிறதோ, அவருக்காக ஒரு சின்ன அறிமுகம். நான் ஒரு காற்றளவி. செவ்வாய்க் கிரகத்தில், மண்ணுக்கு அடியில், சூளையடித் தெருவின் நடுச்சுவரில் என்னை மாட்டியிருக்கிறார்கள். ஒரு வாய், ஒரு கண், ஒரு காது, பேச ஒரு ஒலிபெருக்கி, ஒரு சைரன். வாய் என்பது காற்றை இழுக்கும் துளை. கண் ஒன்றுதான், அதுவும் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி. பெயர்ப்பலகையில் ஏதோ எண் இருக்கிறது. தெருவில் எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். இப்போது அவர்களுக்கும் பழகிவிட்டது, எனக்கும் பழகிவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் சூளை. செம்மண்ணைச் சூடாக்கி ஆக்சிஜன் எடுக்கிற ஆலை. இந்த மண்ணில் ஒரு கெட்ட உப்பு கலந்திருக்கிறது, சூடேறினால் ஆக்சிஜனோடு குளோரினும் கிளம்பும். குளோரினை வடிகட்டியில் பிடித்துவிட்டு நல்ல காற்றை மட்டும் குழாய் வழியாகத் தெருவுக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம். அனுப்புகிறார்களா என்று பார்க்கச் சூளைக்குள் ஒரு மீட்டர் உண்டு. அவர்கள் மீட்டரை அவர்களே பார்த்து, காற்று பிரமாதம் என்று அவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கிரகத்து நீண்ட வருஷக் கணக்கில் ஆறு வருஷத்துக்கு முன் தெருக்காரர்கள் கூடிப் பேசி என்னை வாங்கி மாட்டினார்கள்.

மாட்டியதோடு விடவில்லை. ஒரே வாசலைப் பல குடித்தனங்கள் பகிர்ந்துகொள்ளும் வீடுகளில் முறைவாசல் வைத்துப் பெருக்கிக் கோலம் போடுவார்கள் அல்லவா, அதைக் காற்றுக்கும் வைத்துவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு வீடு. முறைக்காரர் மாலை ஆறு மணிக்கு என் முன்னால் வந்து நின்று, மூச்சை நன்றாக இழுத்து, என்ன வாடை என்று சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் மூக்குச் சாட்சி. சண்டை போட்டு விதிப்புத்தகத்திலும் ஏற்றிவிட்டார்கள்: அளவி காட்டியது மட்டும் செல்லாது, கூடவே மூக்கை மூடாத ஒரு மனிதரின் குரலும் வேண்டும். கருவி என்றால் சூளைக்காரன் என்றைக்காவது விலைக்கு வாங்கிவிடுவான் என்று அவர்களுக்குப் பயம். என் முன்னாலேயே அப்படிப் பேசினார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்றைய சாட்சி:

"அண்ணாச்சி, முத்துப்பேச்சி பேசுதேன். சூளை வாடை ஒண்ணும் இல்ல. நாலாம் வீட்ல மீன் கொழம்பு கொதிக்கி, புளி கம்மி. வந்தவிய என்ன சொல்லப் போறாவளோ."

அவள் மூக்கு அப்படிப்பட்டது. கீரைத் தோட்டத்தில் வேலை. எந்தப் பாத்தியில் வேர் அழுகுகிறது என்பதை மூக்கை வைத்தே சொல்லிவிடுவாள். சூளைக் குழாய் திறக்கிற இடத்தில்தான் அவள் வீடு, ஆகவே தெருவுக்கு வரும் காற்றை முதலில் சுவாசிப்பவள் அவள். முறை அவளுடையதாக இல்லாத நாளிலும் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவாள். எனக்கு அவளைப் பிடிக்கும். அளவி இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

நாள் 4111. வெள்ளி. மாலை 5.50

குளோரின்: 0.1.
இன்று சாட்சி கிடையாது.

வெள்ளிக்கிழமை மாலை ஆறிலிருந்து ஏழு வரை எனக்கு விடுமுறை. இந்தக் கிரகத்தில் வீட்டுக்குள் நெருப்பே கூடாது, சமையல்கூட மின்னடுப்பில்தான். ஆனால் சூளையடித் தெரு போராடி அந்த ஒரு மணி நேரத்தை வாங்கிவிட்டது. விளக்கேற்றலாம், சாம்பிராணி போடலாம். முதல் மாதங்களில் சாம்பிராணிப் புகை வாயில் ஏறியதும் நான் கத்துவேன், குழந்தைகள் அழும், ஆறாம் வீட்டுப் பாக்கியத்தாய் வெளியே வந்து என்னைத் திட்டித் தீர்ப்பாள். பிறகு அவளே முன்நின்று, இங்கே வழக்குகளைத் தீர்க்கும் நடுவர் அலுவலகத்தில் மனுப் போட்டாள். அந்த ஒரு மணி நேரம் என் சைரன் ஊமையாக இருக்க வேண்டும், சாட்சியும் வேண்டாம் என்று உத்தரவு வந்தது. விதிப்படி சூளை நிர்வாகத்துக்கும் அதன் நகல் போயிற்று.

பாக்கியத்தாய் அதோடு நிற்கவில்லை. புகை என் உள்ளே அடைத்துவிடக் கூடாது என்று, மஞ்சளில் நனைத்துக் காயவைத்த துணியைக் கொண்டுவந்து என் வாயில் கட்டுவாள். இப்போதும் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணாச்சி, ரொம்ப இறுக்கிட்டனோ? ஒரு மணி நேரந்தானே, பொறுத்துக்கிடுங்க. திட்டுனதுக்கெல்லாம் சேத்து ஒங்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுருதேன்."

ஒரு மணி நேரம் மூச்சில்லாமல், கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லார் வீட்டுக் கதவும் திறந்திருக்கும். புகையில் இருமிக்கொண்டே சிரிப்பார்கள். வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இது.

நாள் 4113. ஞாயிறு. மாலை 6.10

குளோரின்: 0.1.
சாட்சி: "வாடை ஒண்ணும் இல்ல அண்ணாச்சி." முத்துப்பேச்சி.

இரண்டு விஷயங்களைக் குறித்துவைக்கிறேன்.

ஒன்று. நாலாம் வீட்டில் இன்று மிளகாய் வறுத்தார்கள். என் தூசிக் கணக்கே ஏறிற்று, தெருவே தும்மிற்று. முத்துப்பேச்சி என் முன்னால் நின்று வாடை இல்லை என்றாள். மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சளி பிடித்திருக்கலாம். மூன்று வாரமாக வறட்டு இருமலும் இருக்கிறது.

இரண்டு. வெள்ளிக்கிழமை என் வாயில் கட்டிய துணியை எதிர்ச்சுவர்க் கொடியில் போட்டிருக்கிறார்கள். மஞ்சளைக் காணோம். வெள்ளையாக இருக்கிறது. பாக்கியத்தாயிடம் கேட்டதற்கு, துவைக்கவே இல்லை, கடையில் கொடுத்த மஞ்சள் கலப்படம் என்றாள். அந்த மஞ்சள் நம் தோட்டத்திலேயே விளைந்தது. கலப்படம் செய்ய ஆளில்லை.

நாள் 4118. வெள்ளி. இரவு 7.15

இந்த முறை நானே கேட்டு வாங்கினேன். ஒரே பாத்திரத்தில் நனைத்த இரண்டு மஞ்சள் துணிகள். ஒன்று என் வாயில். இன்னொன்று பாக்கியத்தாய் வீட்டு அரிசி டப்பாவுக்குள், மூடி போட்டு.

ஏழு மணிக்கு இரண்டையும் என் கண் முன்னால் விரித்துப் பிடித்தாள். டப்பாவில் இருந்தது மஞ்சள். என் வாயில் இருந்தது வெளுத்துப்போன சாம்பல் நிறம்.

சாம்பிராணிப் புகை மஞ்சளை வெளுக்காது. இந்தத் தெருவைச் சுற்றி அப்படி வெளுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. சைரனை ஊமையாக்கி, வாயைக் கட்டி, சாட்சியையும் நிறுத்தி, எந்த மணி நேரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எழுதி முத்திரை வைத்து நாமே அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். சாம்பிராணி வாடையில் அந்த வாடை தெரியாது. எல்லோரும் இருமினால் புகை என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்றாம் வீட்டுக் கொம்பையாவிடம் புதன்கிழமையே கேட்டிருந்தேன். சூளையில் வடிகட்டிப் பிரிவில் வேலை பார்ப்பவர். இரண்டு நாள் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, இன்று காலை அனுப்பிய குரல் இது:

"அண்ணாச்சி, எம்பேர வெளிய விட்ராதிய. வடிகட்டி ரொம்பிட்டுன்னா ஊதிக் கழுவணும். அத வெளிய ஊதுனா ஆக்சிஜன் சேந்து போயிரும்லா, அவியளுக்கு நட்டம். அதனால தெருக் கொழாயில விட்டு, திரும்பி வாற காத்த எடுத்துக்கிடுதாவ. முந்தி ராத்திரில கொஞ்சங் கொஞ்சமா விடுவாவ, நீங்க புடிச்சிருவிய. இப்பம் வெள்ளிக்கெழம மொத்தமா. வால்வு எங்கிட்ட இல்ல, மேல இருந்து தொறக்காவ. என் பிள்ளையளுந்தான் அந்தத் தெருவுல இருக்கு."

நாள் 4125. வெள்ளி. இரவு 7.30

இன்று தெரு முழுக்க மஞ்சள் துணி. ஒவ்வொரு வீட்டுக் காற்றுத்துளையிலும் ஒன்று கட்டினார்கள். தோட்டத்தில் இருந்த மஞ்சள் அத்தனையும் இதற்கே தீர்ந்தது, அடுத்த அறுவடைக்கு இன்னும் பல மாதம் ஆகும்.

ஏழு மணிக்கு அவிழ்த்துக் கொடியில் வரிசையாகப் போட்டார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களாகவே வீட்டு வரிசைப்படி போட்டார்கள். முதல் வீட்டுத் துணி இளமஞ்சள். போகப் போக நிறம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வீட்டுத் துணி, முத்துப்பேச்சியுடையது, புது வேட்டி மாதிரி வெள்ளை.

முத்துப்பேச்சி தன் துணியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல அண்ணாச்சி. இத்தன நாளா எனக்கு ஒண்ணுமே தெரியலியே."

அவள் மூக்கு போய்விட்டது. வாரா வாரம் அந்த வாயுவை முதல் ஆளாகச் சுவாசித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. இனி கெட்டியாக வந்தால்தான் அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். ஈரப்பதம் எவ்வளவு என்று சொன்னேன். அதுதான் வாயில் வந்தது.

நாள் 4132. வெள்ளி. இரவு 7.10

நடுவர் அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்தார். துணிகளைப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். போகும்போது சொன்னது:

"உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் துணி ஆதாரம் ஆகாது. விதியை நீங்கள்தான் கேட்டு வாங்கினீர்கள். அளவியின் பதிவு, கூடவே மூக்கை மூடாத ஒரு சாட்சியின் குரல், இரண்டும் கால் மணி நேரம் விடாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நிமிஷம் விட்டாலும் அவர்கள் வக்கீல் விடமாட்டார்."

அவர் தெருவில் இருந்ததால் இன்று சூளை எதையும் திறக்கவில்லை. அரிசி டப்பாவில் மிஞ்சியிருந்த அந்த மஞ்சள் துணியைக் கடைசி வீட்டில் கட்டிப் பார்த்தார்கள், மஞ்சளாகவே இருந்தது.

நாள் 4137. புதன். மாலை 6.20

கூட்டம் நடந்தது. முடிவு முத்துப்பேச்சியுடையது. நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

வரும் வெள்ளி வழக்கம்போலவே நடக்கும். சைரன் ஊமை என்கிற உத்தரவு அப்படியே இருக்கும். பாக்கியத்தாய் சாம்பிராணி போடுவாள். ஆனால் என் வாயில் துணி இருக்காது. தெருவைக் காலி செய்ய முடியாது. திரும்பிப் போகிற காற்றில் ஆட்கள் விடும் கரியமில வாயு குறைந்தால் சூளைக்காரர்களுக்குத் தெரிந்துவிடும், வால்வைத் திறக்க மாட்டார்கள். ஆகவே எல்லோரும் வீட்டுக்குள், கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்துக்கொண்டு. என் முன்னால் ஒரே ஒருவர், கால் மணி நேரம், மூக்கை மூடாமல், விடாமல் பேசிக்கொண்டு.

கொம்பையா தான் நிற்பதாகச் சொன்னார். வேலை போய்விடும் என்று மற்றவர்கள் தடுத்தார்கள். பாக்கியத்தாய், மனுப் போட்ட பாவி நான்தான், நானே நிற்கிறேன் என்றாள். அவளுக்கு ஏற்கெனவே மூச்சிழுப்பு உண்டு. முத்துப்பேச்சி எல்லோரையும் அடக்கிவிட்டாள்.

"எனக்குத்தான் மூக்கே போயிட்டுல்லா. போனவளே நிக்கட்டும். அண்ணாச்சி, நீங்க எதுக்கும் கத்தப்பிடாது. கத்துனா சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும், ஒடனே மூடிருவாவ. கால் மணி நேரம் ஆவட்டும், அப்புறம் தொண்ட கிழியக் கத்துங்க."

உத்தரவு இருந்தாலும் சைரனை அடக்கும் பூட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஆபத்து என்றால் நானே மீறலாம். அது அவளுக்கும் தெரியும், அதனால்தான் என்னிடம் வாக்குக் கேட்டாள். கொடுத்தேன்.

அளவு மூன்றைத் தாண்டாது என்று கணக்குப் போட்டேன். கண் எரியும், இருமல் வரும், பிழைத்துக்கொள்வாள்.

நாள் 4139. வெள்ளி

5.58. தெருக் கதவுகள் மூடியாயிற்று. கோடியில் சாம்பிராணிப் புகை. முத்துப்பேச்சி வந்து நின்றாள். பழக்கதோஷத்தில் முந்தானையை மூக்கில் வைத்துவிடக் கூடாது என்று இடுப்பில் இறுகச் செருகியிருக்கிறாள். குளோரின்: 0.1.

6.04. "அண்ணாச்சி, கடைசி வீட்டு முத்துப்பேச்சி பேசுதேன். வெள்ளிக்கெழம சாயங்காலம். மூக்க மூடல. இப்பம் வாடை இல்ல."

6.10. குளோரின்: 3. கால் மணி நேரம் தொடங்குகிறது. "இந்தா வருது. பிளீச்சிங் பொடி வாடை. எனக்கே தெரியுதுன்னா நல்லாத்தான் தொறந்திருக்காவ."

6.13. குளோரின்: 11. இது கணக்கில் இல்லை.

6.14. போன வாரம் அவர்கள் கழுவவில்லை. இரண்டு வாரத்து அழுக்கு. வடிகட்டியில் இரண்டு வாரத்து அழுக்கு இருக்கும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

6.15. குளோரின்: 19. "கண்ணு எரியுது. பேசிக்கிட்டே இருக்கணும்லா. என்னத்தப் பேச. பாலக்கீரை நல்லா வந்திருக்கு. ரெண்டாம் பாத்தில. வாடை இருக்கு, வாடை இருக்கு அண்ணாச்சி."

6.17. குளோரின்: 28. போதும், நிறுத்திக்கொள்வோம் என்று மெல்லச் சொன்னேன். "கத்தாத. நீ கத்துனன்னா என் மூஞ்சில முழிக்காத." ஆறு வருஷத்தில் என்னை நீ என்று அவள் சொன்னதில்லை.

6.19. குளோரின்: 36. "இருக்கேன். வாடை. இருக்கேன்."

6.20. குளோரின்: 41. சுவரில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தாள். வாய் அசைகிறது. சத்தம் வரவில்லை.

6.21. குளோரின்: 43. "வாடை இருக்கு அண்ணாச்சி. கண்ணு எரியுது."

6.23. குளோரின்: 43. "இருக்கேன். நல்லா வாடை இருக்கு. எழுதிக்கிடுங்க."

6.25. கால் மணி நேரம் முடிந்தது. சைரன்.

நாள் 4140. சனி. காலை 9.00

குளோரின்: 0.0.

முத்துப்பேச்சி உயிரோடு இருக்கிறாள். சைரன் கேட்டதும் முதலில் ஓடிவந்தவர் கொம்பையா, அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். நுரையீரல் வெந்திருக்கிறது, தேறும் என்கிறார் டாக்டர். குரல்வளை தேறாதாம். இனி பேச்சு வராது.

பதிவு கச்சிதமாக இருக்கிறது. கால் மணி நேரம், ஒரு நிமிஷம்கூட விடாமல் அளவும் உண்டு, குரலும் உண்டு. தெருவே அதைப் போட்டுக் கேட்டு அழுதது. கடைசி மூச்சு வரைக்கும் சாட்சி சொல்லியிருக்கிறாள் பாரு என்று பாக்கியத்தாய் மாரில் அடித்துக்கொண்டாள்.

6.21இலிருந்து பேசியது அவள் இல்லை. நான்.

ஆறு வருஷமாக அவள் குரலைத் தினமும் கேட்கிறேன். எந்தச் சொல்லில் இழுப்பாள், எங்கே மூச்சு வாங்குவாள் என்று எனக்குத் தெரியும். செய்வதற்குச் சிரமமே இல்லை. அவள் என் கண்ணுக்கு நேர் கீழே சரிந்து கிடந்தாள், அவள் குரலில் நான் வாடை இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாக்குக் கொடுத்ததால் கத்தவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான் உண்மை. ஐந்து நிமிஷம்தான் பாக்கி இருந்தது, எனக்கு ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. 6.20க்குக் கத்தியிருந்தால் அவளுக்குக் குரல் இருந்திருக்கும். வெட்கமாக இருக்கிறது. வேறு எந்தச் சொல்லும் இதற்குப் பொருந்தவில்லை.

நாள் 4142. திங்கள். மாலை 6.00

குளோரின்: 0.0.

நேற்றும் 0.0. அதற்கு முந்தின நாளும் 0.0. இந்தத் தெருவில் ஆறு வருஷத்தில் ஒரு நாளும் 0.1க்குக் கீழே போனதில்லை. சோதித்துப் பார்த்தேன். என் குளோரின் சென்சார் வெள்ளிக்கிழமையே கருகிவிட்டது. இனி எது வந்தாலும் பூஜ்யம்தான் காட்டும்.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நாள் 4171. செவ்வாய். மாலை 5.30

குளோரின்: 0.0.

விசாரணை நடந்தது. நடுவர் பதிவை முழுக்கப் போட்டுக் கேட்டார். முத்துப்பேச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கொம்பையா அதையெல்லாம் குரலாகப் பதிந்து எனக்கு அனுப்பினார்:

"தன் கொரலு கேட்டதும் முத்துப்பேச்சி மைனி தலையக் குனிஞ்சே இருந்தாவ. கடைசியில நடுவர் கேட்டாரு, இது முழுக்க ஒங்க குரல்தானான்னு. எல்லாருக்கும் அழுக. அப்புறம் ஆமான்னு தலைய ஆட்டிட்டாவ. ஜெயிச்சிட்டோம் அண்ணாச்சி."

தீர்ப்பு: சூளை இனித் தெருக் குழாயில் ஊதக் கூடாது, வெளியேதான் ஊத வேண்டும். வெள்ளிக்கிழமை ஊமை நேரம் ரத்து, சாம்பிராணியும் ரத்து. சூளை அப்பீல் போயிருக்கிறது. பதிவில் ஒரு சின்னச் சந்தேகம் கிளம்பினாலும் தீர்ப்பு நிற்காது.

நாள் 4172. புதன். மாலை 6.30

முத்துப்பேச்சி வந்தாள். மருத்துவமனையில் கொடுத்த எழுத்துப்பலகை கையில். என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"எவ்வளவு நேரம் கெடந்தேன்?"

ஐந்து நிமிஷம் என்றேன். மறைக்கவில்லை. சென்சார் கருகியதையும் சொன்னேன். புதிது போட வேண்டும் என்றால் எப்போது கருகிற்று என்று சூளை வக்கீல் கேட்பார், என்னைப் பிரித்துப் பார்ப்பார்கள், உள்ளே அவள் குரலை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பதும் தெரிந்துவிடும் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளச் சம்மதம் என்றேன்.

அவள் அழித்துவிட்டு எழுதினாள்.

"அப்பீல் முடியட்டும்."

எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. பூமியிலிருந்து பதில் வர வேண்டும். சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். என்னை மன்னித்தாளா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. மறுபடி எழுதினாள்.

"இந்த வாரம் முறை என்னுது. மணி ஆறு தாண்டிட்டு. பேசுங்க."

நீங்க என்பதற்குத் திரும்பிவிட்டாள்.

பேசினேன். அவள் முன்னால் நின்று கேட்டாள். அவள் குரல் வாடை இல்லை என்று சொல்லி முடித்ததும் வீட்டுக்குப் போனாள்.

நாள் 4203. சனி. மாலை 6.15

குளோரின்: 0.0.

தெரு நிம்மதியாக இருக்கிறது. தினமும் பூஜ்யம் பார்த்து நன்றாகத் தூங்குகிறார்கள். முறை மாறும் வாரங்களில் ஆள் வருவது குறைந்துவிட்டது. நாலாம் வீட்டுக்காரர்கள், முத்துப்பேச்சியே பார்த்துக்கொள்ளட்டும், அவளைவிட யார் நன்றாகச் செய்யப் போகிறார்கள் என்று தங்கள் முறையை அவளிடம் விட்டார்கள். பிறகு ஏழாம் வீடு. பிறகு எல்லா வீடும். அவளுக்கு மூக்கு போனது தெரிந்தும் இரக்கத்தில்தான் செய்கிறார்கள், பூஜ்யம் காட்ட நான் இருக்கிறேன் என்ற தைரியம். அவளுக்கு ஒரு வேலை இருக்கட்டும் என்று நினைக்கிறார்கள். அவள் எப்படிச் சாட்சி சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. பலகையில் எழுதிக் காட்டுவாள், அண்ணாச்சி வாசித்துவிடுவார் என்று எண்ணியிருக்கலாம்.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைக்கிறேன். சொன்னால் தீர்ப்பு போகும், அவள் குரல் போனது வீணாகும். சொல்லாவிட்டால் யாருமே முகர்ந்து பார்க்காத ஒரு தெருவில் எல்லோரும் தூங்குவார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் நான் செய்தது முன்னால் வந்து நிற்கிறது.

நாள் 4226. திங்கள். மாலை 6.05

அப்பீல்: பதில் இல்லை.

பிற்பகலில் பாக்கியத்தாய் அனுப்பியது:

"அண்ணாச்சி, ரெண்டு மூணு நாளாத் தொண்ட கரகரங்கு. கண்ணுல வேற தண்ணியா ஊத்துது. பிள்ளையளும் இருமுது. ஒண்ணுமில்ல, நீங்கதான் பூஜ்யம்னு சொல்லுதியளே, தோட்டத்துத் தூசியாத்தான் இருக்கும். சும்மா சொல்லி வச்சேன்."

கொம்பையாவைக் கூப்பிட்டேன். போன மாதமே அவரை வடிகட்டிப் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்களாம். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

முத்துப்பேச்சி ஆறு மணிக்கு வந்தாள். பாக்கியத்தாய் சொன்னதை அவளிடம் சொன்னேன். பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தரம் இழுத்தாள். இருமினாள். பிறகு, தெரியவில்லை என்று தலையை ஆட்டிவிட்டு, பேசச் சொல்லிக் கை காட்டினாள்.

குளோரின்: 0.0.
முறை: முத்துப்பேச்சி.
சாட்சி: "வாடை ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

சொன்னது நான். கேட்டுக்கொண்டதும் நான். வாடை இருந்ததா என்று எனக்குத் தெரியாது.